தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்!

வெள்ளம் வடிந்ததும் ஜனங்கள் முதலில் செய்யும் வேலை என்ன?

சேற்றை வாருகிறார்கள். ஊறிப்போன பாயையும் தலையணையையும் தெருவில் போடுகிறார்கள். நனைந்த அரிசியைக் கொட்டுகிறார்கள். பிறகு சுவரைப் பார்க்கிறார்கள்.

சுவரில் ஒரு கறை இருக்கிறது. இடுப்பளவு உயரத்தில், நூல் பிடித்தாற்போல நேராக ஓடுகிறது. தண்ணீர் எதுவரை நின்றது என்பதை அந்தக் கறை சொல்லுகிறது.

பொங்கல் வருகிறது. வெள்ளை அடிக்கிறார்கள். கறை மறைந்துவிடுகிறது.

"அப்பாடா! வீடு பழையபடி ஆகிவிட்டது" என்று மூச்சு விடுகிறார்கள்.

வீடு பழையபடி ஆகிவிட்டது, உண்மைதான். அடுத்த வெள்ளம் வந்தாலும் பழையபடியேதான் மூழ்கும்!

சேற்றைக் கழுவ வேண்டியதுதான். சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டியதுதான். ஆனால் தண்ணீர் நின்ற உயரத்தை மட்டும் மறைக்கக் கூடாது. வாசலுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, ஒரு கோடு போட வேண்டும். கோட்டின் மேல் ஆண்டை எழுத வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு, ஒரு சின்ன டப்பா பெயிண்டு. இதனால் பிழைக்கும் உயிருக்கு விலை கிடையாது.

ஒரு முழம் மழை!

சென்னையில் 2015-ம் ஆண்டு வந்த வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு நவம்பர் மாதமே மழை கொட்டித் தீர்த்தது. ஏரிகள் நிரம்பி நின்றன. நிலம் குடிக்க வேண்டிய மட்டும் குடித்துவிட்டது.

அதற்கு மேல் டிசம்பர் 1-ந் தேதி பெருமழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை வரை, 24 மணி நேரத்தில், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர்.

49 சென்டிமீட்டர் என்றால் ஒரு முழத்துக்கும் கொஞ்சம் அதிகம். வெட்டவெளியில் ஒரு காலித் தொட்டியை வைத்திருந்தால், ஒரே நாளில் அதில் ஒரு முழம் தண்ணீர் நின்றிருக்கும்!

அடையாறு மற்ற நாட்களில் சாக்கடை போல மெல்ல ஓடும். அன்று அது கடல் போல வந்தது. சைதாப்பேட்டைப் பாலத்தில் போக்குவரத்து நின்றது. ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம், முடிச்சூர் எல்லாம் தண்ணீரில் மிதந்தன.

விமான நிலையத்தின் ஓடுபாதை ஏரி ஆயிற்று. சில நாட்கள் விமானமே இல்லை. மின்சாரம் இல்லை. டெலிபோன் இல்லை. 1878-ல் தொடங்கிய ஆங்கிலப் பத்திரிகை ஒன்று டிசம்பர் 2-ந் தேதி சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்கள் அச்சுக்கூடத்துக்குப் போக வழி இல்லை!

அந்தப் பருவமழையில் தமிழ்நாட்டில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

பாதி வேலை முடிந்தது

சென்னை விழுந்தது. ஆனால் சீக்கிரமே எழுந்து உட்கார்ந்தது.

மீனவர்கள் கடலில் விடும் படகுகளைத் தெருவுக்குள் கொண்டு வந்தார்கள். முன்பின் தெரியாதவர்களை மாடியிலிருந்து இறக்கிக் காப்பாற்றினார்கள். கோவில், மசூதி, மாதா கோவில் எல்லாம் கதவைத் திறந்தன. உலை வைக்க முடிந்தவர்கள் உலை வைத்தார்கள். சோறு பொட்டலம் பொட்டலமாகப் போயிற்று.

வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். மலை மலையாகக் கிடந்த குப்பையை அள்ளினார்கள். நாற்றத்திலும் சேற்றிலும் நின்று, ஊரை நோயிலிருந்து காப்பாற்றியவர்கள் அவர்கள்தான்.

குடிசை இழந்தவர்களுக்கு 10 ஆயிரம் ரூபாயும், வீட்டைத் தண்ணீர் சூழ்ந்த குடும்பங்களுக்கு 5 ஆயிரம் ரூபாயும் சர்க்கார் கொடுத்தது. பள்ளிச் சான்றிதழும் நிலப் பத்திரமும் நனைந்து போனவர்களுக்கு நகல் கொடுக்க முகாம்கள் நடந்தன.

சில வாரங்களில் கடைகள் திறந்தன. பஸ் ஓடியது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

இது பாதி வேலை. மனிதர்கள் பெருமைப்படத் தக்க வேலை. ஆனால் பாதிதான்.

மறுபாதி என்ன? மறுபடியும் மூழ்காமல் இருப்பது. அந்தப் பாதிக்கு ஞாபகம் வேண்டும். சென்னையில் பஞ்சமாய் இருப்பது அதுதான்.

எத்தனை குடம்? எத்தனை படி?

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. திறந்த நேரம் சரியா, அளவு சரியா என்று பெரிய சர்ச்சை எழுந்தது. பிற்பாடு சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையும் குறை கூறியது.

அந்தச் சர்ச்சை ஒரு பக்கம் இருக்கட்டும். "29 ஆயிரம் கன அடி" என்று கேட்டால் ஆற்றங்கரையில் குடியிருக்கும் குடும்பத்துக்கு என்ன புரியும்?

ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். ஏறக்குறைய இரண்டு குடம். 29 ஆயிரம் கன அடி என்றால், கண் மூடித் திறக்கும் நேரத்தில் 58 ஆயிரம் குடம் தண்ணீர் வருகிறது!

கணக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அந்த வீட்டு அம்மாவுக்கு அதனால் பயன் இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. தண்ணீர் முதல் படியோடு நிற்குமா? கட்டிலைத் தொடுமா? தலைக்கு மேலே போகுமா? நடக்க முடியாத மாமியாரை இப்போதே தூக்கிக்கொண்டு கிளம்புவதா? விடியட்டும் என்று காத்திருப்பதா?

இந்தக் கேள்விக்குக் கன அடி பதில் சொல்லாது. சுவரில் உள்ள கோடு பதில் சொல்லும்.

வாசலில் "2015" என்று ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "இன்று இரவு 2015-ல் வந்ததைவிட ஓர் அடி குறைவாகத் தண்ணீர் வரும்" என்று அறிவிக்கிறார்கள். அவ்வளவுதான்! எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூடக் கோட்டுக்குக் கீழே ஓர் அடி தள்ளிக் கையை வைத்து, "இதுவரை வரும், கிளம்புங்கள்" என்று சொல்லிவிடுவாள்.

அதிகாரிகள் பேசும் எண்ணை வீட்டு மொழியில் மாற்றிச் சொல்லும் துபாஷிதான் அந்தக் கோடு.

39 ஆண்டு மறதி

"அவ்வளவு பெரிய வெள்ளத்தை யாராவது மறப்பார்களா?" என்று கேட்கலாம்.

மறப்பார்கள். மறந்தும் இருக்கிறார்கள்.

1976-ம் ஆண்டிலும் அடையாறு பெருகியது. கோட்டூர்புரம் குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தது. மாடியில் ஏறித் தப்பியவர்கள் உண்டு.

அதே கோட்டூர்புரத்தில் 2015-ம் ஆண்டும் தண்ணீர் புகுந்தது. இடையில் 39 ஆண்டுகள். 1976-ல் குழந்தையாக இருந்தவர் 2015-ல் நடுத்தர வயதை எட்டிவிட்டார். பலர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களிடம் பழைய கதையைச் சொல்ல ஆள் இல்லை. சுவரும் சொல்லவில்லை. அதற்குத்தான் பல தடவை வெள்ளை அடித்தாயிற்றே!

இப்போது மறதி இன்னும் வேகமாக வருகிறது. முடிச்சூர் பக்கத்தில் 2015-ல் வெள்ளம். 2021-ல் மறுபடியும் வெள்ளம். வேளச்சேரியில் 2015-ல் வெள்ளம். 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது அங்கே மறுபடியும் படகு ஓடியது.

நகரத்தில் வாடகைக் குடும்பங்கள் அதிகம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை வீடு மாறுகிறார்கள். வீடு பார்க்கப் போகும்போது, "மழைக் காலத்தில் இங்கே தண்ணீர் நிற்குமா?" என்று கேட்பார்கள்.

"சேச்சே! ஒரு சொட்டு நிற்காது!" என்பார் தரகர்.

சுவரில் கோடு இருந்தால் தரகர் அப்படிச் சொல்ல முடியுமா?

பெயர் இருக்கிறது, ஏரி எங்கே?

சென்னையில் ஞாபகக் குறிகள் அடியோடு இல்லாமல் போகவில்லை. சில குறிகள் தெருப் பெயர்களில் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு" இருக்கிறது. லேக் என்றால் ஏரி. ஏரி தெரியும் சாலை என்று அர்த்தம். இன்று அந்தச் சாலையில் நின்று பார்த்தால் ஏரி தெரிவதில்லை.

நுங்கம்பாக்கத்தில் "லேக் ஏரியா" இருக்கிறது. "டேங்க் பண்ட் ரோடு" என்ற ஏரிக்கரைச் சாலையும் இருக்கிறது. ஏரி இல்லை. அந்த ஏரி இருந்த இடத்தில்தான் வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

தியாகராய நகர் முழுக்க ஜவுளிக் கடையும் நகைக் கடையுமாக ஜொலிக்கிறது. அங்கே நீண்டு கிடந்தது மாம்பலம் ஏரி. 1920-களில் ஏரியை வற்ற வைத்து, மனை போட்டு, நகரம் கட்டத் தொடங்கினார்கள்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் மழைத் தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கடலுக்கு அனுப்பும். அதன் பெரும்பகுதி சாலையாகவும், குப்பைமேடாகவும், கட்டடமாகவும் மாறிவிட்டது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-ம் ஆண்டில் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள்.

மனிதன் ஏரியை மறந்துவிடலாம். தண்ணீர் பள்ளத்தை மறப்பதில்லை. எத்தனை ஆண்டு ஆனாலும், மழை பெய்தால் பழைய வீட்டைத் தேடி வந்துவிடுகிறது!

இந்த மறதிக்கு இரட்டைத் தண்டனை. 2015-ல் மூழ்கிய அதே சென்னையில், 2019-ம் ஆண்டு கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஏரிகள் வெடித்துக் கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். வந்த தண்ணீரை வைக்க இடம் இல்லாத ஊர், வராத தண்ணீருக்கு ஏங்கி நின்றது.

கோவிலே அளவுகோல்

வெள்ளத்தின் உயரத்தை அடையாளம் வைத்துப் பார்ப்பது தமிழர்களுக்குப் புதிது அல்ல.

ஏரி உள்ள கிராமத்தில் கலங்கல் இருக்கும். ஏரி நிரம்பினால் அதிகப்படித் தண்ணீர் கலங்கல் மேல் வழிந்து ஓடும். "கலங்கல் போகிறது" என்று ஒருவர் சொன்னால் போதும். வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று ஊர் முழுவதும் புரிந்துகொள்ளும்.

திருநெல்வேலியில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது குறுக்குத்துறை முருகன் கோவில். ஆற்றில் வெள்ளம் வந்தால் கோவிலுக்குள் தண்ணீர் புகும். தண்ணீர் வருமுன் உற்சவ மூர்த்தியைக் கரையில் உள்ள மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் கழுவிவிட்டுப் பூஜையைத் தொடங்குவார்கள்.

கோவில் எதுவரை மூழ்கியிருக்கிறது என்று பார்த்தே ஆற்றின் கோபத்தை அந்த ஊர் ஜனங்கள் அளந்துவிடுவார்கள்.

அந்தக் கோவில் வெள்ளத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. தண்ணீர் வரும் என்பதை ஒப்புக்கொண்டு, வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்கள். வெள்ளம் வரும் ஊரில் வீடு நடத்த வேண்டிய முறையும் அதுதான்.

ஜப்பானில் ஒரு கல்

ஜப்பான் நாட்டிலும் இப்படி ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வந்தது ஆற்று வெள்ளம் அல்ல, கடல் வெள்ளம். சுனாமி!

அனேயோஷி என்பது அங்கே வடகிழக்குக் கடற்கரையில் உள்ள ஒரு சிற்றூர். 1896-ம் ஆண்டு சுனாமி அந்த ஊரை அழித்தது. பிழைத்தவர்கள் அதே இடத்தில் மறுபடியும் வீடு கட்டினார்கள். 1933-ல் சுனாமி மறுபடியும் வந்து அழித்தது.

அதன் பிறகுதான் புத்தி வந்தது. மலைச்சரிவில் ஒரு கல் நட்டார்கள். "இந்தக் கல்லுக்குக் கீழே வீடு கட்டாதே" என்று அதில் வெட்டி வைத்தார்கள். ஊர் முழுவதும் கல்லுக்கு மேலே குடியேறியது.

2011-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி மாபெரும் சுனாமி வந்தது. ஜப்பான் கடற்கரையில் ஊர் ஊராக அழிந்தது. அனேயோஷியில் அலை மேலே ஏறி வந்து, கல்லைத் தொடாமல் கீழேயே நின்றுவிட்டது. வீடுகள் தப்பின!

கல் அலையைத் தடுக்கவில்லை. கல் சொன்ன பேச்சை மனிதர்கள் 78 ஆண்டு கேட்டார்கள். அதனால் பிழைத்தார்கள்.

புளோரன்ஸ் சொல்லும் பாடம்

கோடு போட்டுவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடுமா? நீங்காது. அதற்கு இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரம் சாட்சி.

அந்த நகரத்தின் நடுவே ஆர்னோ ஆறு ஓடுகிறது. 1333-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி அங்கே பெரிய வெள்ளம் வந்தது. தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் கல்லில் பொறித்து வைத்தார்கள்.

633 ஆண்டுகள் கழிந்தன. 1966-ம் ஆண்டு அதே நவம்பர் 4-ந் தேதி மறுபடியும் வெள்ளம் வந்தது! இந்தத் தடவை தண்ணீர் பழைய குறியையும் தாண்டி மேலே போயிற்று. இன்றும் புளோரன்சில் ஒரே சுவரில் இரண்டு குறிகளையும் பார்க்கலாம். 1333 கீழே, 1966 மேலே.

ஆற்றங்கரையில் இருந்த தேசியப் புத்தகசாலையில் லட்சக்கணக்கான புத்தகங்களும் ஏடுகளும் சேற்றில் மூழ்கின. பல நாட்டு வாலிபர்கள் ஓடி வந்து, ஒவ்வொரு புத்தகமாகச் சேற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களை "சேற்றுத் தேவதைகள்" என்று ஊரார் அழைத்தார்கள்.

சுவரில் குறி இருந்தது. ஆனால் அருமையான புத்தகங்கள் வெள்ளம் எட்டும் இடத்தில் இருந்தன!

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. குறியைப் பார்த்தால் போதாது, அதன்படி நடக்க வேண்டும். குறிதான் எல்லை என்றும் நினைக்கக் கூடாது, அடுத்த வெள்ளம் அதையும் தாண்டலாம்.

கோட்டுக்கு மேலே என்ன? கீழே என்ன?

வாசலில் கோடு போட்ட குடும்பம் அதைத் தினமும் பயன்படுத்தலாம். வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானையும் பார்த்து, "இது கோட்டுக்கு மேலேயா? கீழேயா?" என்று கேட்க வேண்டும்.

மின்சாரப் பெட்டியும் சுவிட்சுகளும் கோட்டுக்குக் கீழே இருந்தால் ஆபத்து. வீடு பழுது பார்க்கும்போது, தொழில் தெரிந்தவரைக் கொண்டும் மின்சார வாரியத்தில் சொல்லியும் மேலே ஏற்றிவிட வேண்டும். தண்ணீர் நுழைவதற்கு முன்பே மெயினை நிறுத்த வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவே கூடாது.

ரேஷன் கார்டு, பத்திரம், பாஸ்புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரே பையில் போட்டுப் பரண் மேல் வைக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லோருக்கும் அந்தப் பை இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடும் மாத்திரை, ஒரு வாரத்துக்காவது கையிருப்பு இருக்கட்டும்.

தையல் மிஷினோ, இட்லி மாவு அரைக்கும் இயந்திரமோ வைத்துப் பிழைக்கும் குடும்பம், அதைத் தூக்கி வைக்க மேடை ஒன்று கட்டிக்கொள்வது நல்லது. வெள்ளம் வடிந்தபின் முதலில் வேண்டியது பிழைப்பு. பிழைப்புக்கான கருவி போய்விட்டால், வீடு நின்றும் பயன் இல்லை.

தரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். அதற்கு வழி இல்லை. வெள்ளம் வடிந்ததும் அதை இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். வெள்ளத் தண்ணீரில் நடந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், எலிக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் முதியவர் யார், கைக்குழந்தை யார், நடக்க முடியாதவர் யார்? தண்ணீர் எந்தப் படியைத் தொட்டால் அவர்களை வெளியே கொண்டு போவது? எந்த வீட்டு மாடிக்கு? இதை மழைக்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். நடுராத்திரியில் இருட்டில் முடிவு செய்யும் விஷயம் அல்ல இது.

விலை குறையுமே!

"கோடு போட்டால் வீட்டு விலை குறையுமே! வாடகைக்கு ஆள் வராதே!" என்று வீட்டுக்காரர் முனகுவார்.

அவர் கவலை பொய் அல்ல. ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தில் வாங்கிய வீடு. அதன் விலை குறைவதை யார் விரும்புவார்கள்?

ஆனால் யோசிக்க வேண்டும். கோட்டை மறைத்து விற்றால் வாங்குகிறவர் ஏமாறுகிறார். அவர் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் நிற்கிறார்கள். பழுதான வண்டியை நல்ல வண்டி என்று விற்றால் மோசடி. மூழ்கும் வீட்டை மூழ்காத வீடு என்று விற்றால் அதற்கு என்ன பெயர்?

இன்று விற்பவர் நாளை வேறு இடத்தில் வாங்குவார். அங்கே அவரையும் யாராவது ஏமாற்றுவார். எல்லோரும் மறைத்தால் எல்லோரும் ஏமாறுவார்கள். எல்லோரும் சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லை. "2015-ல் இதுவரை வந்தது. அதனால் தரையை உயர்த்தினேன், மின்சாரப் பெட்டியை மேலே வைத்தேன்" என்று சொல்லும் வீட்டுக்காரரை நம்பலாம். ஒன்றுமே நடக்கவில்லை என்பவரை நம்புவது கஷ்டம்.

ஊருக்குக் கெட்ட பெயர் வரும் என்று பயப்படவும் வேண்டாம். ஜெர்மனியில் மூன்று ஆறுகள் கூடும் பஸ்ஸாவ் என்ற நகரம் இருக்கிறது. அங்கே நகரசபைக் கட்டடத்தின் சுவரிலேயே, வெள்ளம் வந்த ஆண்டுகளை உயரம் உயரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். 2013-ம் ஆண்டு வந்த பெருவெள்ளமும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்து யாரும் அந்த ஊரை வெறுக்கவில்லை. வெளிநாட்டார் வந்து போட்டோ எடுக்கிறார்கள்!

ஏழைக்கு மட்டும்தானா?

கோட்டின் நியாயம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு, அடையாற்றங்கரைக் குடிசைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றவே இந்த ஏற்பாடு என்றார்கள்.

ஆனால் பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கிறது! பக்கத்தில் உள்ள செம்மஞ்சேரியில், 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். கடலுக்குப் பயந்து வந்தவர்களை அங்கே மழைத் தண்ணீர் சூழ்ந்தது. ஒரு தடவை அல்ல, பல தடவை.

சைதாப்பேட்டையில் வீட்டு வேலை செய்த பெண்ணுக்கு, அங்கிருந்து வெகுதூரத்தில் வீடு கொடுத்தால் வேலை என்ன ஆகும்? பஸ் கட்டணம் என்ன ஆகும்? பிள்ளையின் படிப்பு என்ன ஆகும்?

ஆற்றங்கரையில் ஏழையின் குடிசையும் இருந்தது, பெரிய கட்டடங்களும் இருந்தன. குடிசை போய்விட்டது. பெரிய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. தண்ணீர் ஆள் பார்த்து வருவதில்லை. சட்டமும் ஆள் பார்க்கக் கூடாது.

குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், புது இடத்தில் முதலில் தேட வேண்டியது வெள்ளக் குறி. "இங்கே தண்ணீர் எதுவரை நின்றது?" என்று பழைய ஊர்க்காரர்களைக் கேட்காமல் அடித்தளம் போடக் கூடாது.

சர்க்கார் செய்ய வேண்டியது

கால்வாய் வெட்டுவது, ஏரியைத் தூர் வாருவது, ஆக்கிரமிப்பை அகற்றுவது எல்லாம் சர்க்கார் வேலை. வீட்டுக்காரர் கோடு போட்டுவிட்டார் என்பதற்காக அந்தப் பொறுப்பு குறைந்துவிடாது. அதோடு இன்னும் மூன்று சின்ன வேலைகள் செய்யலாம்.

ஒன்று: ஒவ்வொரு தெருவிலும் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, விளக்குக் கம்பம் ஆகியவற்றில் வெள்ளம் நின்ற உயரத்தை நீலக் கோடாகப் போட வேண்டும். ஆண்டையும் எழுத வேண்டும்.

இரண்டு: வெள்ள எச்சரிக்கையைக் கன அடியில் மட்டும் சொல்லாமல், அந்தக் கோட்டை வைத்துச் சொல்ல வேண்டும். "உங்கள் தெருவில் 2015 கோட்டுக்கு இத்தனை அடி கீழே" என்று சொன்னால் ஜனங்கள் உடனே கிளம்புவார்கள்.

மூன்று: வீட்டு மனைக்கு அனுமதி கொடுக்கும் காகிதத்திலேயே, அந்த இடத்தில் தண்ணீர் நின்ற உயரத்தைக் குறிக்க வேண்டும். வாங்குகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கட்டும்.

இந்த மூன்று வேலைக்கும் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். உண்மையைச் சொல்லும் துணிச்சல் இருந்தால் போதும்.

அதுவரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். 2015-ம் ஆண்டு தண்ணீரைப் பார்த்த பாட்டிகளும் தாத்தாக்களும் இன்னும் இருக்கிறார்கள். பேரனை அழைத்துக்கொண்டு வாசலுக்கு வரட்டும். "இதோ, இதுவரை நின்றது" என்று கையை வைத்துக் காட்டட்டும். பேரன் கோடு போடட்டும்.

அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய சேதி அது. பிறகு கேட்டால், சொல்ல ஆள் இருக்காது. தண்ணீர் வந்துதான் சொல்லும்!